கொரியாவுக்குப் போற கட்டாக் கருவாடு

அத வைங்க ராத்தா, அது வேணாம். பாக்கத்தான் வெள்ள வெளேர் எண்டு இருக்கு, உள்ளுக்கு ஒரே உப்பு. தலவிலச் சேர்ச்சுத் திருநாளுக்கு வார சனத்துக்கு அவசரத்துல விக்கிற சாமான் அது. நீங்க கொரியாவுக்கு எண்டுதானே சொன்னீங்க? அப்ப இந்தக் கட்டா மீன் கருவாட்ட எடுங்க. தட்டிப் பாருங்க, பலகையத் தட்டுறாப் போல சத்தம் வரும். அவ்வளவுக்குக் காய்ஞ்சிருக்கு.

மணம் வரக் கூடாதா? ஓம், விளங்குது. வெளிநாட்டுக்குக் கட்டுற எல்லாரும் அதத்தான் முதல்ல சொல்லுற. வாப்பா லுஹர் தொழப் போயிட்டார், வரச் சுணங்கும். நானே கட்டித் தாரேன். பயப்படாதீங்க, இந்தக் கடையில கட்டுற வேலை என்டதான். அந்தக் கதிரையில இருங்க. ஃபேனப் போடுறேன்.

நீங்க டீச்சர்தானே?

எப்பிடித் தெரியுமா... ஹேண்ட்பேக்ல சிவப்புப் பேனை ரெண்டு எட்டிப் பாத்துக்கொண்டு நிக்குதே. மத்த ஆக்கள் சிவப்புப் பேனை கொண்டு திரியிறல்ல. மத்தது, செமினாருக்குப் போறேன் எண்டு நீங்களே சொன்னீங்க. எங்கட ஊர்ப் பொடியன்மாருக்குக் கொரியா எண்டா ஃபெக்டரி வேலை. அதுக்கும் கொரியாப் பாஷ படிச்சு, சோதினை எழுதி, பாஸாகி, பேர் வருமா வராதா எண்டு போனப் பாத்துக்கொண்டே கெடக்கணும். என்ட மூத்தவர் றஸ்மி நானா இன்னம் அப்பிடித்தான் கெடக்கார். ஒங்களுக்கு ஒரு சோதினையும் இல்லதானே? ஆ, இன்டர்வியூ. சரி சரி, இன்டர்வியூ.

கவர்மண்ட் செலவு, மூணு கிழமை, ஹோட்டல்ல தங்குறது, பஸ்ஸுல ஏத்திக்கொண்டு போய் ஸ்கூல் காட்டுறது, கடைசில ஒரு சேட்டிபிகட். எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். எங்கட முனவ்வரா டீச்சரும் இதுக்குத்தான் போனா. அவவும் வேற கடையில கட்டி, கட்டாதான் கொண்டு போனவ. அங்க ஹலால் சாப்பாடு தேடிக் களைச்சுப் போவாங்களாம், அதால சோத்த அவிச்சு கருவாட்டப் பொரிச்சு ரூமுக்குள்ளயே சாப்பிட்ட எண்டா. மூணு கிழமை கொரியாவுல கற்பிட்டிச் சோறு. அதுக்கு இஞ்சயே இருந்திருக்கலாம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்களுக்கு அது சிரிப்பா இருக்கல்ல.

இதப் பாருங்க, முள்ள நான் ஒவ்வொண்டா எடுக்கிறேன். அதான் விஷயம். சின்ன முள்ளு ஒண்டு பொலித்தீனக் குத்தினாப் போதும், பிளேன் முழுக்கக் கற்பிட்டி மணக்கும். சும்மா சுத்திக் குடுக்கிற கடைக்காரங்க இதச் செய்யிறல்ல. புதன்கிழமதானே பிளேன்? அதுவரைக்கும் இந்தக் கட்டு தாராளமாக் காணும். ஒரு மாசம் எண்டாலும் ஒண்டும் ஆகாது.

முனவ்வரா டீச்சர் எங்களுக்குக் கணக்கு எடுத்தவ. எங்கட ஸ்கூல்ல கணக்குக்கு அவ ஒருத்திதான். வேற ஆளே இல்ல. நாங்க ஓ எல் சோதினை எழுதுற வருஷம். சோதினைக்கு ரெண்டு மாசம் இருக்கக்குள்ள கொரியாவுக்கு வரச் சொல்லிட்டாங்க. திடீர் எண்டு ஒரு நாள் வாரல்ல. சுகமில்லையாக்கும் எண்டு இருந்தோம். மற்ற நாளும் வாரல்ல. பொறகு அபூசாலி சேர் வந்து சொல்றார், ஒங்கட டீச்சர் பிளேன்ல புள்ளைகள், நீங்க பெருமைப்படணும் எண்டு. அபூசாலி சேர் யாரு எண்டா, விளையாட்டுக்குப் பொறுப்பான சேர். அவருக்குக் கணக்கு எண்டா ஸ்கோர் எழுதுறது மட்டும்தான்.

பெருமைப்பட்டோம், என்ன செய்யிற. முக்கோணம் பாதில நிக்குது, வட்டம் தொடவே இல்ல, நாங்க பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தோம்.

கணக்குப் பாடத்துல அபூசாலி சேர் எங்களக் கொண்டு கொடி செய்வித்தார். டீச்சர் வரக்குள்ள வரவேற்க வேணுமாம். கொரியாக் கொடி பாத்திருக்கீங்கதானே, நடுவுல ஒரு வட்டம், சிவப்பும் நீலமும். அந்த மூணு கிழமையில நாங்க கவராயத்தத் தொட்டது அந்தக் கொடிக்கு வட்டம் கீறத்தான். வல்லாஹி, பொய் இல்ல. சுத்தளவு, பரப்பளவு, ஒரு மண்ணும் இல்ல. கீறு, வெட்டு, ஈர்க்குல ஒட்டு. என்ட கூட்டாளி அகீலா சொன்னா, சோதினையில கொடி கீறச் சொல்லிக் கேட்டா எங்கட ஸ்கூலுக்கு முழுக்க ஏ எண்டு.

பொறகு டீச்சர் வந்தா. நாங்க வெயில்ல ரெண்டு பக்கமும் நிண்டு கொடி ஆட்டினோம். பேண்ட் அடிச்சாங்க. பிரின்சிபல் சேர் மாலை போட்டார். மூணு கிழமை ஹோட்டல்ல இருந்துட்டு வந்த ஆளுக்கு ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தாப் போல வரவேற்பு. அவட முகத்தப் பாக்கணும், கொடியப் பாத்ததும் கண் கலங்கிட்டு. புள்ளைகளே, என்னால நம்பவே ஏலாம இருக்கு எண்டா. எங்களுக்கும்தான் நம்ப ஏலாம இருந்த, இன்னம் முக்கோணம் முடியல்ல எண்டு.

இல்ல டீச்சர், பொறாமை இல்ல. ஏன் பொறாமை? சரி, கொஞ்சம் இருந்திருக்கும். பிளேன்ல ஏற யாருக்கு ஆசை இல்ல. பொறகு நடந்தத சொல்றேன், கேளுங்க.

அங்க படிச்சத இஞ்ச செய்யப் போனா. முதல் வேலை, கதிரை மேச எல்லாத்தயும் வட்டமாப் போட்டது. பாதிப் பேருக்கு பிளேக்போட் தெரியாது, முதுகத்தான் காட்டிக்கொண்டு இருந்தோம். பொறகு கலர் கலரா ஒட்டுற கடுதாசி கொண்டு வந்தா, சின்னச் சதுரமா, ரோஸ், மஞ்சள், பச்சை. மனசுல உள்ள கேள்விய எழுதிச் சுவர்ல ஒட்டணும், அதுதான் அங்க முறையாம். கொரியாவுல கண்ணாடி ஜன்னல், ஏசி. எங்கட கிளாஸுக்கு ஜன்னல் சட்டமே பாதி இல்ல. கற்பிட்டிக் காத்து ஒங்களுக்குத் தெரியும்தானே. ஒட்டி முடிய ஒரு காத்து வந்த, எங்கட கேள்வியெல்லாம் பறந்து கிரவுண்டுக்குப் போயிட்டு. அங்க கழுத ரெண்டு நிண்ட. ஒண்டு விடாம திண்டு முடிச்ச. கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்ச, டீச்சரும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா நான் எழுதினதையும் அதுதான் திண்டுட்டு. முக்கோணம் எப்ப முடிப்பீங்க எண்டு எழுதி இருந்தேன்.

அதால வாயால கேட்டேன். அவதானே சொன்னா, கொரியாப் புள்ளைகள் எழும்பிக் கேள்வி கேக்கும், நீங்க ஊமையா இருக்கீங்க எண்டு. எழும்பினேன். டீச்சர், வட்டம் எப்ப தொடங்குவீங்க, சோதினை வருதே எண்டேன். முகம் கறுத்துப் போயிட்டு. அது மரியாதையான கேள்வி இல்லையாம். வெளியில நிக்கச் சொன்னா. கழுதையும் நானும் கிரவுண்டுல நிண்டோம்.

ஃபேன நிப்பாட்டுறேன் டீச்சர், கொஞ்சம் பொறுங்க. மெழுகுதிரி பத்த வைக்கணும். கடுதாசியில சுத்தியாச்சு, இப்ப பொலித்தீன். இந்த ஓரத்த மடிச்சு நெருப்புல லேசாக் காட்டினா உருகி ஒட்டும். கூடக் காட்டினா ஓட்ட விழும். கட்டிப் பழகின கைக்குத்தான் அது தெரியும். மிஷின் இருக்கு, வாங்கித் தரச் சொல்லி வாப்பாட்ட கேட்டேன், நீ இருக்கக்குள்ள மிஷின் என்னத்துக்கு எண்டார்.

இல்ல, கதை இன்னம் முடியல்ல. அதுக்குப் பொறகு பெரிய விழா ஒண்டு வெச்சாங்க. போய்ட்டு வந்தவங்க மத்த டீச்சர்மாருக்குப் படிப்பிக்கணுமாம், அதுதான் கவர்மண்ட் சட்டமாம். எங்கட கல்வி வலயத்துல உள்ள டீச்சர்மார் எல்லாம் எங்கட ஸ்கூலுக்கு வந்தாங்க. அண்டைக்குப் பாடம் இல்ல. ஓ எல் புள்ளைகள் எங்களக் குசினிக்குப் போட்டாங்க. பெட்டிஸ், ரோல்ஸ், தேத்தண்ணி. நான் தட்டத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குள்ள போறேன், சுவர்ல ப்ரொஜெக்டரால பெரிய எழுத்துல விழுந்து கெடக்கு, மாணவர் மையக் கல்வி எண்டு. புள்ளைய நடுவுல வெச்சுத்தான் எல்லாம் செய்யணும் எண்டு டீச்சர் மைக்குல சொல்றா. நான் நடுவுலதான் நிண்டேன், தட்டோட. ஒரு சேர் என்னப் பாத்து, புள்ள, இந்தப் பக்கம் ரோல்ஸ் வரல்ல எண்டார்.

பொறகு படம் காட்டினா. கொரியா உடுப்பு உடுத்திக்கொண்டு ஒரு படம். ரோபோவோட ஒரு படம். புள்ளைகளுக்கு டெப்லட் குடுத்திருக்கிற படம். சாப்பாட்டு மேசை ஒரு அஞ்சாறு படம். கேள்வி இருந்தாக் கேளுங்க எண்டு மைக்க நீட்டினா. ஒரு டீச்சர் எழும்பினா. நான் நினைச்சேன், இப்பவாச்சும் ஒருத்தி கேப்பா, இத இஞ்ச எப்பிடிச் செய்யிற எண்டு. அவ கேட்டா, அடுத்த முறைக்கு அப்ளிகேஷன் எப்ப கூப்பிடுவாங்க எண்டு.

நீங்க அந்த ஹோல்ல இருந்தீங்களா? இல்லியா? சரி, சும்மா கேட்டேன்.

ரிசல்ட் வந்த. எனக்குத் தமிழுக்கு ஏ, இஸ்லாத்துக்கு ஏ, வரலாறுக்கு பி. கணக்குக்கு டபிள்யூ, ஃபெயில். வட்டத்துல ஒரு கேள்வி வந்திருந்த, நான் அதப் பாத்துக்கொண்டே இருந்தேன். கொடிதான் ஞாபகம் வந்த. எங்கட கிளாஸ்ல பாதிக்கு மேல டபிள்யூ. கணக்கு பாஸாகாட்டி மேல ஏ எல் படிக்க ஏலாது. ஸ்கூல விட்டு நிண்டாச்சு, கருவாட்டுக்கு வந்தாச்சு. முனவ்வரா டீச்சருக்கு அந்த வருஷம் புரமோஷன். இப்ப கொழும்புப் பக்கம் போயிட்டா எண்டாங்க. கொரியா சேட்டிபிகட்டப் பிரேம் போட்டுப் பிரின்சிபல் ரூம்ல மாட்டி வெச்சிருக்காங்க. எங்கட ரிசல்ட்ட யாரும் மாட்டல்ல.

அகீலாவக் கட்டிக் குடுத்தாச்சு. இப்ப வயித்துல புள்ள. எனக்கும் மாமிட மகன் நௌஃபர் கட்டார் நாட்டுல வேலையில இருக்கார், பொண்ணு கேட்டு வந்துட்டாங்க. நல்ல ஆள்தான், குறை சொல்ல ஒண்டும் இல்ல. ஆனா நான் வாப்பாட்ட சண்ட புடிச்சேன். இன்னொரு தரம் எழுதுறேன் எண்டேன். வாப்பா சொல்லிட்டார், சரி, இந்த ஒரு தரம்தான், இதுலயும் டபிள்யூ எண்டா நிக்காஹ், பொறகு ஒரு கதையும் இல்ல. நானும் ஓம் எண்டுட்டேன். அதால எனக்கு இந்த முறை வட்டமும் முக்கோணமும் வேணும் டீச்சர். விளையாட்டு இல்ல.

ஓம், கிளாஸுக்குப் போறேன். சனிக்கிழமையில. எங்க எண்டா... தூரம். பஸ் ரெண்டு மாறணும். என்னப் போல ஃபெயிலான புள்ளைகளுக்கு எண்டு ஒரு டீச்சர் காசு வாங்காமச் சும்மா எடுக்கிறா, பள்ளிவாசல் ஹோல் ஒண்டுல. அவ நல்லம். அவ படிப்பிக்கிற மாதிரி யாரும் படிப்பிச்சு நான் காணல்ல. கொரியாவுக்கெல்லாம் போகாமத்தான் படிப்பிக்கிறா. ஒரு கயிறும் ரெண்டு ஆணியும் கொண்டு வந்து, சிமெந்துத் தரையில முக்கோணம் போட்டுக் காட்டினா. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கின, இவ்வளவுதானா எண்டு. பஸ்ஸுல வரக்குள்ள அழுகை வந்துட்டு. இவ்வளவு லேசான ஒண்டுக்கா நான் ஒரு வருஷம் கருவாடு வெட்டின எண்டு.

என்ன டீச்சர், வேர்க்குதா? ஃபேன இப்ப போட ஏலாது, மெழுகுதிரி அணைஞ்சு போகும். இந்த ஒரு ஓரம்தான்.

ஒங்களுக்கும் புள்ளைகள் இருப்பாங்கதானே, படிப்பிக்கிற புள்ளைகள். சோதினைக்குக் கிட்ட இருக்கிறவங்க இல்லியா? நீங்க மூணு கிழமை இல்லாட்டி அவங்களுக்கு யாரு?

கோவிக்காதீங்க. நீங்க போறது பிழை எண்டு நான் சொல்ல வரல்ல. பத்து வருஷமா அப்ளிகேஷன் போட்டீங்களா? அப்ப போகத்தான் வேணும். முதல் தரம் பிளேன்ல ஏறுறீங்களா? மாஷா அல்லாஹ். போங்க, போய்ப் பாருங்க, நல்லாச் சாப்பிடுங்க. புதுசா ஒண்டு படிச்சிட்டு வந்தா எங்களுக்குத்தான் நல்லம் எண்டு சொல்றீங்க. இருக்கலாம். நான் கண்டது கழுதைக்கு நல்லதா முடிஞ்ச, அவ்வளவுதான்.

நான் கேக்கிறது வேற. அந்தப் புள்ளைகள்ட்ட சொல்லிட்டீங்களா? இத்தின நாள் வரமாட்டேன், அதுவரைக்கும் இதப் படிங்க, இல்லாட்டி வேற யாரையும் தேடிக்கொள்ளுங்க எண்டு? முனவ்வரா டீச்சர் செஞ்ச பெரிய பிழை எனக்கு அதுதான். போனது இல்ல. சொல்லாமப் போனது. சொல்லி இருந்தா நான் வேற எங்கயாச்சும் ஓடி இருப்பேன்.

ஆ, சொல்லிட்டீங்களா.

எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா? சரி. அப்ப நல்லம்.

இந்தா, முடிஞ்சு. மேலால இன்னொரு பொலித்தீன், அதுக்கு மேல டேப். மணந்து பாருங்க. இல்ல, கிட்ட வெச்சு மணந்து பாருங்க, பரவாயில்ல. வருதா? வராது. உடுப்புப் பேக்குக்குள்ளயே வைக்கலாம், நானே ஜவாப்தாரி. கட்டா உள்ளுக்கு இருக்கு எண்டு ஒரு ஈக்கும் தெரியாது.

வந்ததுல இருந்து மணம் மணம் எண்டு எத்தின தரம் சொல்லிட்டீங்க. சும்மா சொல்றேன், போன மாசம் ஒரு சனிக்கிழம, மதுரங்குளிப் பள்ளிவாசல் ஹோல்ல, நீங்க கயிறப் புடிச்சுக்கொண்டு நிண்டீங்க. மூக்கச் சுளிச்சுக் கேட்டீங்க, யாரு புள்ளைகள் கருவாடு கொண்டு வந்த, அந்த ஜன்னலத் தொறங்க எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க. யாரும் கொண்டு வரல்ல டீச்சர். அந்த மணம் நான்தான். விடிய எழும்பி இத வெட்டிட்டு, தேசிக்காய்ப் புளி தேச்சுக் குளிச்சிட்டுத்தான் பஸ் ஏறுற, அப்பிடியும் போறல்ல. இதே கட்டாதான்.

ஓம், பின்னுக்குத் தூணடியில, கறுப்பு நிகாப் போட்டுக்கொண்டு இருக்கிறவ. ஒங்களுக்கு முகம் தெரியாது, அங்க நான் வாயும் தொறக்கிறல்ல. ஒரு தரம் கேள்வி கேட்டு வெளியில நிண்டது காணும் எண்டு. வீட்டுல நாங்க யாரும் முகம் மூடுறல்ல. சின்னப் புள்ளைகளோட இருந்து படிக்க வெக்கம், அதுக்குத்தான் அது. போன கிழமை என்ட கொப்பியப் பாத்து, இந்தப் புள்ள பாஸ் எண்டு சிவப்புப் பேனையால எழுதினீங்க. அது இந்தப் பேனைதான். பேனையப் பாத்துக் கண்டுபிடிச்ச எண்டு சொன்னது பொய். நீங்க வாசல்ல ஏறக்குள்ளயே எனக்குத் தெரியும்.

எழும்பாதீங்க டீச்சர், இருங்க. நான் சண்டைக்கு வரல்ல.

நேத்தும் நான் கிளாஸுக்கு வந்தேன். நீங்க ஒண்டும் சொல்லல்ல. கொரியா எண்டு ஒரு சொல்லு இல்ல. அடுத்த சனிக்கிழம வட்டம் தொடங்குவம், எல்லாரும் கவராயம் கொண்டு வாங்க எண்டுதான் சொன்னீங்க. நான் வரக்குள்ள பஸ் ஸ்டேண்டுக் கடையில புதுசு வாங்கிட்டேன். இந்தா, மேச லாச்சிக்குள்ள இருக்கு, உறை கூடப் பிரிக்கல்ல.

காச அங்க வைங்க, வாப்பா வந்து எடுப்பார். பார்சலக் கவனமாத் தூக்குங்க, கீழ்ப் பக்கத்தால புடிங்க. சனிக்கிழம நான் கவராயத்தக் கொண்டு வரவா, வேணாமா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.